சுட்டெழுத்து

உட்துறைமுக வீதி, டயர்க் கடைக்கு மேல்மாடி.
இரப்பர் மணம் படியேறி வந்து
முன் வாங்கில் உட்காரும் வகுப்பு.
நான்கு நாட்டுக் கால்கள்,
சந்தியில் நானூறு ரூபாய்க்கு வாங்கிய
ஒரே நீலச் செருப்பு.

இன்றைய பாடம்
பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும்
இரண்டு சின்னச் சொற்கள்.
முதல்முறை சொன்னால் அ,
மறுபடி சொன்னால் த.
தெரியாதது அ. தெரிந்தது த.

க்லேப் பேனாவால் தலையைச் சொறிகிறான்,
உருசிய மொழியில் இவை இல்லை.
கொரிய மொழியிலும் இல்லை என்று
ஹே-சூன் சந்தோஷமாகச் சொல்கிறாள்.
மாலைதீவு ஷிஃபாஸா மட்டும்
தங்கள் மொழியில் சொல்லின் வாலில்
ஏதோ ஒன்று ஒட்டும் என்கிறாள்.
எங்களிடமும் இல்லை என்பதை
நான் வாய் திறந்து சொல்லவில்லை.
மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு
வீட்டில் இல்லாத பண்டத்தை
விற்கிறவள் நான்.

ஜன்னலுக்குக் கீழே மான்கள் வந்து
மரக்கறிக் கடை எறிந்த கோவா இலைகளைத் தின்கின்றன.
"டீர்ஸ்" என்கிறான் க்லேப்.
எஸ் வராது, ஒன்றானாலும் டீர், ஒன்பதானாலும் டீர்.
"ஏன் மிஸ்?"
ஏனென்று எனக்கும் யாரும் சொல்லவில்லை.
அடுத்த பக்கம் திருப்புங்கள்.

ஆனால் இந்த அ இருக்கிறதே,
அது என்னை இரவிலும் விடவில்லை.
என் அ வேறு.
அக்கடல், அம்மரம், அக்கப்பல்:
வேறெதுவுமில்லை, அதுவேதான் என்று
விரல் நீட்டும்.
இவர்களுடைய அ
எதுவாயிருந்தால் என்ன என்று
கையை விரிக்கும்.
ஒலி ஒன்றுதான்.

முக்பில் யேமன்காரன், கப்பலில் என்ஜின் திருத்துபவன்.
எங்கள் ஜன்னலில் துருவோடு தெரிகிற கப்பல்,
பதினொரு மாதமாகச் சம்பளமில்லாமல்
நங்கூரத்தில் கிடக்கிறது.
செவ்வாயும் வெள்ளியும் மட்டும்
வள்ளத்தில் கரைக்கு வர அனுமதி.
அவனிடம் நாங்கள் காசு வாங்குவதில்லை.
பதிலுக்கு மின்விசிறியைத் திருத்தித் தந்தான்,
அது இப்போது முன்னரைவிடக் கத்துகிறது.

கடிதம் எழுதும் பயிற்சியில்
அவன் முதலாளிக்கு எழுதினான்:
"ஐயா, ஐ ஆம் ஆன் அ ஷிப்."
அ-வை வெட்டிச் சிவப்பில் த போட்டேன்.
பாருங்கள், அதோ நிற்கிறது,
இந்த வகுப்பில் அதைத் தெரியாதவர் யார்?
அவன் எழுந்து நின்றான்,
எழுந்து பேசும் வழக்கம் இங்கே இல்லை.
"உங்களுக்குத் தெரியும் மிஸ்.
அவருக்கு முப்பது கப்பல்.
தண்ணீர் முடிந்ததென்று எழுதினோம்,
எந்தக் கப்பல் என்று கேட்டார்.
அவருக்கு இது அ."

விசிறி கத்திக்கொண்டிருந்தது.
ஹே-சூன் தன் கொப்பியில் எதையோ திருத்தினாள்.
சிவப்பு மை அழியாது.
என் த-வை வெட்டினேன்,
பக்கத்தில் சரி போட்டேன்,
பத்துக்குப் பத்து.

கச்சான் காற்று ஓய்ந்த கிழமை
இழுவைப் படகொன்று வந்து
கப்பலைக் கட்டி இழுத்துப் போயிற்று.
ஆட்களை விமானத்தில் ஏற்றினார்களாம்.
சம்பளம் கொடுத்தார்களா தெரியாது,
வரவுப் புத்தகத்தில் அவன் பெயரை
இன்னும் நான் கூப்பிடுகிறேன்,
ஷிஃபாஸா "ஆப்சென்ட்" என்கிறாள்.

நேற்றுத்தான் செய்தி வந்தது:
"மிஸ், ஐ ஆம் ஹோம்.
முன்னால் அ-வா, த-வா?"
பணிஸைக் கடித்தபடி தட்டினேன்:
ஒன்றும் வேண்டாம்.
அந்தச் சொல்லுக்கு முன்னால்
எதுவும் நிற்காது.

அனுப்பிவிட்டு ஜன்னலால் பார்த்தேன்.
துறையில் கப்பல் அளவுக்கு வெறும் தண்ணீர்.
கீழே க்லேப் பாண்துண்டு நீட்டியபடி
சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தான்,
ஒன் டீர்,
டூ டீர்ஸ்.